ஆகாயத்தில் சிங்கிள் லைன்

ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் வாசல் மணி அலறியது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. எங்கள் மல்காஜ்கிரி வீட்டு மணியை அப்படி அடிக்கிறவர் உலகத்தில் ஒருவர்தான்: என் மாமனார் சாரங்கபாணி, ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கோயம்புத்தூரில் அல்லவா இருக்க வேண்டும்?

என் மனைவி மைதிலி கதவைத் திறக்க ஓடினாள். அதற்குள் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மாமனார் கெட்டவர் இல்லை. விசில் வைத்திருந்தார், அவ்வளவுதான். எங்களோடு இருந்த காலத்தில் தினமும் குளியலறை வாசலில் நின்று ஊதுவார். ஊதினால் நான் வெளியே வந்துவிட வேண்டும். ஸ்கூட்டரைக் கிளப்பினால் பால்கனியிலிருந்து பச்சைத் துண்டை ஆட்டுவார். அபார்ட்மென்ட் முழுக்க எனக்கு 'பாசஞ்சர்' என்றே பெயர்.

பிறகு மகனோடு கோவைக்குப் போனார். அங்கே இடுப்பு முறிந்து, ரயிலில் வர முடியாமல் போனது. எங்களுக்குப் பெண் பிறந்ததும், விமானத்தில் வரட்டுமா என்று என்னைத்தான் போனில் கேட்டார்.

வான்வழியில் கோவை ஏழுநூறு கிலோமீட்டர் சொச்சம். ஒன்றரை மணி நேரம். நான் மாதாப்பூர் ஆபீசுக்குப் போய்ச் சேருகிற நேரம்தான். பன்னிரண்டு மணி நேரம் என்று சொன்னேன்.

"அத்தனை நேரமுங்களா மாப்பிள்ளை?"

"மேலயும் சிக்னல் இருக்கு மாமா. எதிர்ல வர்றதுக்கு வழிவிட்டு நின்னுதான் போகணும்."

"அட, அங்கயும் சிங்கிள் லைனுங்களா?"

ஒற்றைத் தண்டவாளத்தில் எதிர்வண்டிக்குக் காத்திருந்தே வாழ்நாளைக் கழித்தவர். நம்பிவிட்டார்.

உன் அப்பாவுக்கு விமானம் என்றால் பயம், அதைக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதே என்று மைதிலியிடம் சொன்னேன். அவளும் அவரிடம் கேட்கவில்லை. குழந்தையோடு அவளே கிளம்பப் பார்த்தபோது, பிஞ்சுக் காது தாங்காது என்றேன். பெண்ணுக்கு இப்போது இரண்டு வயது. அவளைப் பொறுத்தவரை தாத்தா என்பது போனுக்குள் தெரிகிற ஒரு நெற்றி.

இதில் யாருக்கும் நஷ்டமில்லை. அவருடைய இடுப்புக்கு நல்லதைத்தான் செய்தேன்.

கதவு திறந்தது. ஊன்றுகோலோடு நின்றார். பின்னால் பெட்டியோடு, கோவையில் அவருக்குப் பக்கத்து வீட்டு இர்பான். மாதாப்பூரில் வேலை, லீவு முடிந்து திரும்பும்போது கூட்டிவந்திருக்கிறான். மாமனார் கையில் வாழையிலையில் கட்டிய புளிச்சோற்றுப் பொட்டலங்கள். ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

"ஃப்ளைட்லயா வந்தீங்க? பயமா இல்லையாப்பா?" என்றாள் மைதிலி, அழுதுகொண்டே.

"பயமா? யாருக்கு?" சோபாவில் உட்கார்ந்து குழந்தையை வாரி மடியில் வைத்துக்கொண்டவர், கவலையோடு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொன்னீங்களேன்னு பன்னெண்டு மணி நேரத்துக்குச் சோறு கட்டிட்டு வந்தனுங்க மாப்பிள்ளை. ஃப்ளைட் ஓட்டுன பையன் ஒரு சிக்னல்லயும் நிக்காம ஒன்றரை மணியில கொண்டாந்து எறக்கிட்டான். பாவம், அவனுக்கு மெமோ கிமோ குடுத்துர மாட்டாங்களே?"