இடம் மாறிய இரண்டு எண்கள்

அந்த ஏசியைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள், மேடம். எங்கள் ஸ்டூடியோவிலும் இப்படித்தான். கருவிகளுக்காகக் குளிரவைப்பார்கள், மனிதர்கள் போர்த்திக்கொள்ள வேண்டும்.

என் வேலை சுலபம். வாக்கு எண்ணும் நாளில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, வந்து விழும் எண்களை விமர்சகர்களின் முன்னால் இருக்கும் திரைக்கு அனுப்புவேன். அதைப் பார்த்துவிட்டு, மக்கள் மனசுக்குள் போய்வந்தவர்கள் போல அவர்கள் பேசுவார்கள். அதில் ஒருவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘சதவீதம்’. இருபது முப்பதானால் பத்து சதவீத வளர்ச்சி என்பார். அது ஐம்பது என்று யாராவது பிடித்துவிட்டால் கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்: “நம்ம பொண்ணு தப்பாக் குடுத்திருச்சு. வீட்டுலயே இதுதான் மொத ஆளா படிச்சு வந்திருக்கு, பாவம்.”

பாவமாம். ஆத்திரம் வரத்தானே செய்யும்? ஆனால் ஆத்திரத்தில் செய்யவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு தடவை நிஜமாகவே தப்பாகக் கொடுப்போம், சரிபார்க்கிறாரா பார்ப்போம் என்று நினைத்தேன். கடைசிச் சுற்று. பதவியில் இருந்தவர் மயிரிழையில் தோற்றிருந்தார். ஒரு வாக்குச்சாவடியில் அவருக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு, ஜெயித்தவருக்கு முப்பத்தெட்டு. இரண்டையும் இடம் மாற்றி அனுப்பினேன். அது எங்கள் தெருவாக அமைந்தது தற்செயல்.

சதவீதம் புருவத்தைக்கூடத் தூக்கவில்லை. “பாருங்க, இந்த ஒரே தெருதான் ஆளக் கவுத்திருக்கு. ரோடு போட்டுக் குடுத்தாரு, தண்ணி குடுத்தாரு. மொத்தமா முதுகுல குத்திட்டாங்க.”

பக்கத்து நாற்காலி அண்ணன் எட்டிப் பார்த்தார். “ஏம்மா, நம்பர் இடிக்குதே? அது அவரு கோட்டையாச்சே.”

“வந்ததத்தான் அனுப்புனேன் அண்ணே.”

“திருத்தி விட்ரட்டுமா?”

“இருங்கண்ணே. அவரே பார்ப்பாரு.”

அவர் பார்க்கவில்லை. விளம்பரம் வந்தது, போனது. அதற்குள் தோற்றவரின் ஆட்கள் தெருவுக்குள் இறங்கிவிட்டார்கள். அவருக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்களின் வீடுகள்தான் எரிந்தன. எதிர்வீட்டு அக்கா உள்ளே மாட்டிக்கொண்டாள். நான் பட்டம் வாங்கி வந்த அன்று, “இதப் படிச்சு என்னடி கிழிக்கப் போற?” என்று வாசலில் நின்று கேட்டவள். தெருவே சிரித்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்.

நான் தீ வைக்கவில்லை. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னவர் இப்போதும் கோட் போட்டுக்கொண்டு, இந்தக் கலவரத்தால் எத்தனை சதவீத வாக்கு நகரும் என்று பேசிக்கொண்டிருக்கிறார். அவரை ஏன் இங்கே கூப்பிடவில்லை?

எண்களை மாற்றியது நான்தான். ஒரு ஆளை அவமானப்படுத்த, அவ்வளவுதான். இப்படி ஆகும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

கடைசிச் சுற்றுக்கு முன்னால் அம்மாவுக்குப் போன் போட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போகச் சொன்னது வேறு விஷயம், மேடம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அங்கே நல்ல டாக்டர் இருக்கிறார். என் சான்றிதழ்களையும் கையோடு எடுத்துப் போகச் சொன்னேன். வீட்டில் கரையான்.