ரோஸிக்குப் பிடித்த ஆற்றங்கரை

நாயையும் கூட்டிக்கொண்டு விடுமுறைக்குப் போக இடம் பார்ப்பது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பார்ப்பதைவிடச் சிரமமான வேலை. நாய்களை வரவேற்கிறோம் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். போன் செய்து கேட்டால், அறைக்குள் விடக் கூடாது, புல்லில் நடக்கக் கூடாது, சாப்பிடும் இடத்துக்குக் கூட்டி வரக் கூடாது என்பார்கள். ஓர் இடத்தில் சமையற்கட்டுக்குப் பின்னால் இரும்புக் கூண்டு வைத்திருந்தார்கள். அவர்கள் ஊரில் அதுதான் வரவேற்பு போலிருக்கிறது.

தமிழிலேயே எழுதித் தரலாம் என்று நீங்கள் சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று, மேடம். கன்னடம் நன்றாகவே பேசுவேன். காய்கறிக் கடையிலிருந்து ஆபீஸ் சண்டை வரை எல்லாம் கன்னடத்தில்தான். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டுமென்றால் தமிழ்தான் வருகிறது. நேற்று நான் சொன்னதில் சில இடங்கள் சரியில்லை. அவற்றை இதில் திருத்தியிருக்கிறேன்.

என் பெயர் தமயந்தி. அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். ஒரு மருந்து கம்பெனியின் கொள்முதல் பிரிவில் வேலை. நாலு பேரிடம் விலை கேட்காமல், பொருளைப் புரட்டிப் பார்க்காமல் ஒரு ஸ்டேப்ளர்கூட வாங்கமாட்டேன் என்று ஆபீசில் கேலி செய்வார்கள். என் கணவர் உதயா கோலார் தங்கவயல்காரர். அவருடைய அப்பா நாராயணசாமி சுரங்கத்தில் இருந்தவர், மீட்புக் குழுவில் பெயர் வாங்கியவர். சுரங்கம் மூடிய பிறகு பிள்ளைகள் எல்லாரும் பெங்களூருக்கு ரயில் ஏறினார்கள். உதயா ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நாங்களும் அங்கேயே வீடு எடுத்துக்கொண்டோம். குழந்தை இல்லை. அதைப் பற்றிப் பேசிப் பேசி, ஒரு கட்டத்தில் பேசுவதை நிறுத்திவிட்டோம்.

ரோஸி தொழிற்சாலை வாசலில் மழையில் நனைந்து கிடந்த தெருநாய்க் குட்டி. ஒரு நாள் சாயங்காலம் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். எனக்கு ஆட்சேபம் இல்லை. நான்தான் பழைய துண்டால் துடைத்தேன், பால் காய்ச்சினேன். இதை எழுதக் காரணம், நான் நாய்களை வெறுப்பவள் அல்ல என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

உதயா அதிகம் பேசமாட்டார். கல்யாணமான புதிதில் என் அம்மா, மாப்பிள்ளை வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டிருக்கிறாள். கேட்ட கேள்விக்குப் பதில் வரும், அவ்வளவுதான். அவர் சுபாவம் அது என்று நானும் பழகிக்கொண்டேன். ரோஸி வந்த பிறகுதான் அது சுபாவம் இல்லை என்று தெரிந்தது. வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து அதனிடம் பேசுவார். பஸ்ஸில் என்ன கூட்டம், கேன்டீனில் என்ன குழம்பு, எல்லாம் சொல்வார். நான் உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டு கேட்பேன்.

"இன்னிக்கி இன்னா ஆச்சு தெரியுமா கண்ணு? அந்த ஸ்ரீகண்டன் இருக்கான்ல, அவனுக்கு மேனேஜர் போஸ்ட்டக் குடுத்துட்டானுங்க. நான் வேஸ்ட்டுன்னு நெனச்சிட்டாங்க போல. உனக்குத் தெரியும்ல நான் வேஸ்ட்டு இல்லன்னு?"

அவருக்குப் பதவி உயர்வு வரவில்லை என்பது எனக்குத் தெரிந்தது அப்படித்தான். சாப்பிடும்போது, ஆபீசில் ஏதாவது விசேஷமா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். சோறு வைத்தேன், மோர் ஊற்றினேன், ரோஸி அவர் காலடியில் படுத்திருந்தது.

எனக்குப் பொறாமை, மேடம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. வேறொரு பெண்ணாக இருந்தால் நாலு பேரிடம் சொல்லி அழலாம், அம்மா வீட்டுக்குப் போகலாம். நாயைப் பார்த்து வயிறு எரிகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? சிரிப்பார்கள். எனக்கே சில சமயம் சிரிப்பு வரும்.

போன வருஷம் டெங்கு வந்து பிரேசர் டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். உதயா தினமும் வந்தார், அதை மறைக்கமாட்டேன். ஆனால் வெளிச்சம் மங்கத் தொடங்கினால் மணியைப் பார்க்க ஆரம்பிப்பார். நான் இல்லாமல் ரோஸி சாப்பிடாது என்று எழுந்துவிடுவார். டிரிப்ஸ் மாற்ற வந்த நர்ஸ், கேரல் என்று பெயர், நல்ல பெண், என்னிடம் கேட்டாள்.

"பாவம், தினம் ஓடறாரே. வீட்ல சின்னக் கொழந்தையா அக்கா?"

ஆமாம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

கல்யாண நாளுக்கு எங்காவது போகலாம் என்று நான்தான் கேட்டேன். ரோஸியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றார். அதையும் கூட்டிப்போகலாம், கேரவனில் தங்குகிற மாதிரி நான் இடம் பார்க்கிறேன் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் உட்காருவார்களே அதுவா என்று கேட்டார். அதுதான், ஆற்றங்கரையில் நிறுத்தி வைத்திருப்பார்கள், உள்ளேயே படுக்கை, அடுப்பு எல்லாம் இருக்கும், நாயும் கூடவே படுக்கலாம் என்றேன். உடனே ரோஸியிடம் சொல்லப் போய்விட்டார்.

நல்லதாக மூன்று இடங்கள் கிடைத்தன. ஒன்றில் தண்ணீரோரம் முழுக்கக் கம்பி வேலி, காவலுக்கு நீச்சல் தெரிந்த ஆளும் உண்டு. இன்னொன்று ஏரிக்கரை. தண்ணீர் முழங்காலுக்கு மேல் இல்லை, வாத்துகள் மேய்கின்றன. நாய் வைத்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஏரிக்கரையைத்தான் எடுப்பார்கள். மூன்றாவது, கனகபுரா தாண்டி, ஆற்றோரத்தில் ஒரு மாந்தோப்பு. அதன் சொந்தக்காரர் சிவசங்கரன் போனில் ஒளிக்காமல் பேசினார்.

"நாய்க்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல மேடம், அவுத்தே விடலாம். ஆனா ஒண்ணு முன்னாலயே சொல்லிட்றேன். தோப்புக்கு அந்தாண்ட ஆறு வளையுது பாருங்க, அங்க மட்டும் எறங்காதீங்க. மணல் அள்ளி அள்ளிப் பெரிய பள்ளம். மேலாப்ல பாத்தா முட்டி அளவுதான் தெரியும். கால வெச்சா ஆள் காலி. யாராச்சும் விழுந்தா எறியறதுக்குக் காத்தடிச்ச டயர் டியூப் ஒண்ணு மரத்துல கட்டி வெச்சிருக்கேன், இருந்தாலும் ஸ்வல்ப ஜாக்கிரதையா இருங்க."

நன்றி சொல்லிவிட்டு அந்த இடத்தையே பதிவு செய்தேன். வார நடுவில் போகிறோம், வேறு யாரும் வரமாட்டார்கள் என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பள்ளம் இருக்கும் விஷயத்தை உதயாவிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. சொல்லவில்லை.

உதயாவுக்கு நீச்சல் தெரியாது. தங்கவயலில் ஆறு ஏது, குளம் ஏது? குடிக்கவே லாரி வந்தால்தான் தண்ணீர். எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூட நாட்களில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்து நீச்சல் குளத்தில் போட்டிகளுக்குப் போயிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் உனக்கு நீந்தத் தெரியுமா என்று அவர் கேட்டதில்லை. அதனால் அவரைப் பொறுத்தவரை எனக்கும் தெரியாது.

போய்ச் சேர்ந்த அன்று அவர் சந்தோஷமாக இருந்தார். ரோஸிக்கு உப்பில்லாமல் கோழி வேகவைத்தார். எனக்கும் ஒரு துண்டு எடுத்து ஊட்டினார், அதையும் சொல்லிவிடுகிறேன். கேரவன் படுக்கை குறுகல். எங்கள் இருவருக்கும் நடுவில் ரோஸி படுத்துக்கொண்டது. அன்று சாயங்காலமே, அவர் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது, நான் வளைவுப் பக்கம் போய் மரத்தில் கட்டியிருந்த டியூபைக் கயிற்றோடு அவிழ்த்துக்கொண்டு வந்து கேரவனுக்கு அடியில் தள்ளிவிட்டேன். உங்கள் போலீஸ்காரர்கள் அங்கிருந்துதான் எடுத்தார்கள். அது எப்படி அங்கே போயிற்று என்று தெரியாது என்று நேற்று சொன்னது பொய். டியூப் இருந்தால் அவர் அதை எறிந்திருப்பார். எறிவதற்கு யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. நான் தெரிந்துகொள்ள விரும்பியது ஒன்றே ஒன்று. ரோஸியும் நானும் ஒரே சமயத்தில் தண்ணீரில் இருந்தால் அவர் யாரிடம் வருவார் என்பதுதான்.

காலையில் அவர் டீ போட உள்ளே போனார். நான் ரோஸியைக் கூட்டிக்கொண்டு வளைவுக்குப் போனேன். பந்தை நன்றாக வீசி எறிந்தேன். அது சந்தோஷமாகப் பாய்ந்தது. பந்தைக் கவ்வியது, திரும்பியது, ஆனால் கரை கிட்டத்தில் வரவில்லை. அங்கே தண்ணீர் சுழல்கிறது. பந்தை விட்டுவிட்டுக் கத்த ஆரம்பித்தது. நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி, ஆழத்தில் இறங்கினேன். கால் தவறி விழுந்தேன் என்றவள் எப்படிச் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தாள் என்று நேற்று கேட்டீர்கள். புதுச் செருப்பு.

ரோஸியின் சத்தம் கேட்டு உதயா ஓடிவந்தார். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலை முங்கி முங்கி எழுந்தேன், கையை மட்டும் மேலே நீட்டினேன்.

இந்த இடத்தில் அவர்கள் குடும்பத்து வழக்கம் ஒன்றை எழுத வேண்டும். மாமனார் பொங்கலுக்குப் பொங்கல் சொல்லுவார். சுரங்கத்தில் பாறை சரிந்தால் உள்ளே ஒரே இருட்டு, தூசி. மீட்க இறங்குகிறவன் கண்ணை நம்பக் கூடாது. நின்று குரல் கொடுக்க வேண்டும். பதில் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும். சத்தம் கொடுப்பவனிடம் உயிர் இருக்கிறது, அவனை முதலில் எடு, சத்தமில்லாதவனைத் தேடிப் போய் இரண்டு பேரையும் விட்டுவிடாதே. உதயாவும் அவர் தம்பிகளும் இதைக் கேட்டே வளர்ந்தவர்கள். எனக்குக் காய்ச்சல் என்றால்கூடக் கூப்பிட வேண்டியதுதானே, வந்திருப்பேனே என்பார். நான் கூப்பிடமாட்டேன். கூப்பிட்டு வருவது ஒரு வருகையா?

கரையில் நின்று அவர் என்னைப் பார்த்துத்தான் கத்தினார். என்ன கத்தினார் என்று காதில் விழவில்லை என்று நேற்று சொன்னேன். விழுந்தது.

"தமா, சத்தம் குடு! கத்துடி! தமா!"

நான் வாயை மூடிக்கொண்டேன். ரோஸி ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பி இறங்கினார். இரண்டு எட்டு வைத்தார், அதற்குப் பிறகு அவர் காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமா என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"நீ சத்தம் குடுத்தியாம்மா?"

"குடுத்தேன் மாமா. கத்திக்கிட்டேதான் இருந்தேன்."

கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "பொண்டாட்டி கத்தறத வுட்டுட்டு நாய்கிட்ட போனானா? அப்டியா வளத்தேன் அவன? என் புள்ளைய மன்னிச்சுடும்மா" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். துக்கத்தில் இருக்கும் பெரியவரிடம் வேறு விதமாகப் பேசுவது சரியில்லை.

உதயா உடனே மூழ்கிவிட்டார் என்று நேற்று நான் சொன்னதுதான் கடைசித் திருத்தம். உடனே மூழ்கவில்லை. அவர் ரோஸியின் கழுத்துப் பட்டையைப் பிடித்துவிட்டார். தான் முங்கி முங்கி அதைக் கரைப் பக்கம் தள்ளினார். அது அவர் தோளில் கால் ஊன்றி, ஒரு வேரைப் பற்றி ஏறிவிட்டது. அதற்குள் நானும் நீந்திக் கரையேறியிருந்தேன். ரோஸி என் பக்கத்தில் வந்து நின்று உடம்பை உதறியது. அவர் இன்னும் தண்ணீருக்கு மேலேதான் இருந்தார். நான் நீந்தி வந்ததை அவர் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அவர் முகத்தில் பயம் குறைந்தது. நீந்திப் போயிருந்தால் சில வீச்சில் அவரை எட்டியிருப்பேன். டியூபும் தூரத்தில் இல்லை. அவர் கையை நீட்டி, தமா, தமா என்று கூப்பிட்டார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் அடங்கும்வரை அங்கேயே நின்றேன்.

அவர் என்னைக் கூப்பிட்டது உண்மைதான், மேடம். ஆனால் ரோஸி கரையேறியதா என்று அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கூப்பிட்டார்.