இரண்டரைக் கோடி இலக்கம்

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது. என் மனைவி போடுவதைவிட நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள், படிப்பாள்.

நான் கல்லூரியில் கணக்கு நடத்துகிறேன். வீட்டில் ஒரு பழைய லேப்டாப் ஓர் எண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தது. எட்டுக் கோடிக்கு மேற்பட்ட இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் எண். இரண்டரைக் கோடி இலக்கம். அச்சடித்தால் தலா ஐநூறு பக்கத்தில் இருபது புத்தகம். கதை ஒன்றும் கிடையாது. அது பகா எண்ணா என்று பார்க்க வேண்டும். நான்கில் தொடங்கி, அதை அதாலேயே பெருக்கி, இரண்டைக் கழித்து, அந்தப் பெரிய எண்ணால் வகுத்து, வரும் மீதியை மறுபடியும் பெருக்கி, இப்படியே எட்டுக் கோடி முறை. கடைசி மீதி பூஜ்யம் என்றால் பகா எண். நாற்பத்தொரு நாள் வேலை.

மாமனார் எங்களோடு இருந்தார். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். நுரையீரல் போய்விட்டது. ஹாலில் கட்டில், பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். வாய் மட்டும் ஒழுங்காக வேலை செய்தது.

"என்ன மாப்ளே, உங்க ஆளு இன்னிக்காவது வகுபட்டாரா?"

வந்தவர்களிடமெல்லாம், மாப்பிள்ளை முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறார், பொரிந்ததும் சொல்லியனுப்புகிறோம் என்பார். சிரிப்பார்கள். என் மனைவியும் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

முப்பத்தெட்டாம் நாள் மதியம் கரண்ட் போனது. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். லேப்டாப்பின் பேட்டரி ஒரு நிமிடம்தான் தாங்கும். இன்வெர்ட்டரில் ஒரே பாயிண்ட், அதில் மெஷின். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மனைவியின் பீரோவில் இருந்தது. அடுத்தவர் பீரோவைத் திறக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

மெஷினைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பைச் செருகினேன்.

"மாப்ளே, காத்து வரல."

"கொஞ்சம் பொறுங்க மாமா. இன்னும் மூணே நாள்தான்."

மெஷின் பீப் பீப்பென்று கத்தியது. பிளக்கை எடுத்தால் கத்தும்படி செய்திருக்கிறார்கள். அதன் சுவிட்சையும் அணைத்தேன்.

கரண்ட் வர ஐம்பது நிமிடம் ஆனது. வந்ததும் மெஷினைத் திரும்பச் செருகி ஓடவிட்டேன். பொறுப்பில்லாதவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. எப்போது நின்றது, எப்போது ஓடியது என்பதெல்லாம் அதற்குள் பதிவாகும் என்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது. நல்ல வசதி.

மூன்றாம் நாள், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஹாலில் இருக்கும்போது முடிவு வந்தது. மீதி பூஜ்யம் இல்லை. எண் வகுபடும். எதனால் என்று இந்தச் சோதனை சொல்லாது. நாகரிகமான சோதனை.

நீங்கள் கேட்பது புரிகிறது. ஆமாம், அந்த புரோகிராம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கைச் சேமித்துக்கொள்ளும். அணைந்தாலும் விட்ட இடத்திலிருந்து ஓடும். அன்றைக்கும் தெரியும். தெரிந்துதான் பிடுங்கினேன். ஆனால் சேமிக்காத பத்து நிமிடம், கரண்ட் இல்லாத ஐம்பது நிமிடம், கூட்டினால் ஒரு மணி நேரம் சார். நாற்பத்தொரு நாளில் ஒரு மணி நேரம் பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் கணக்கு தெரியாதவர்கள்.