பதினொரு மணிக்குக் கடைக்கு வெளியே

அவைக்குத் தலைமை ஏற்று, கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே! ஆண்டிலும் அறிவிலும் மூத்த ஆன்றோர்களே! அல்லல்களை அள்ளி முடிந்துகொண்டு அன்பை மட்டும் அவிழ்த்துக் காட்டும் தாய்மார்களே! என் கத்தரிக்குத் தலை கொடுத்த பின்வரிசை அன்பர்களே! இன்றோடு பணி ஓய்வு பெறும் எங்கள் சிஸ்டர் அவர்களே! குரல் ஒன்றையே கருவியாகக் கொண்டு குடும்பங்களைக் காத்தவரே! இந்தச் சலூன்காரனின் பணிவான வணக்கம்.

யாரப்பா அங்கே, "சலூன்காரனுக்கு இவ்வளவு தமிழா?" என்பது? முப்பத்தைந்து ஆண்டுகளாக என் கடைக்கு ஐந்து பத்திரிகை வருகிறது ஐயா. ஆள் வராத நேரத்தில் நான் வேறு என்ன செய்வேன்?

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், என் மனைவி மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் முடித்து வீடு திரும்பினாள். கத்தி பட்டாள், கதிர் பட்டாள், மருந்தில் முடி அத்தனையும் இழந்தாள். முடியே இல்லாத தலையோடு முடி வெட்டுகிறவன் வீட்டுக்கு வந்தாள். அந்தத் தலையில் மறுபடி முடி அரும்பிய அன்று கடையைப் பூட்டிவிட்டு அழுதேன். அடுத்த நாளிலிருந்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்களிடமெல்லாம் ஒரே பேச்சுதான். "எங்க வீட்ல எல்லாம் சரியாயிடுச்சு!"

ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். அங்கே நர்ஸாக இருந்த இந்த சிஸ்டர்தான் சொன்னார். "இவ்ளோ தூரம் அலைய வேணாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை, செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு நானே போன் பண்றேன். என்னமாவது மாறுதல் தெரிஞ்சா மறைக்காம சொல்லுங்க, உடனே வரவைக்கிறேன்."

போன் எங்கே இருந்தது? அதைக் கேளுங்கள்! என் கடையில் இருந்தது. கண்ணாடிக்குக் கீழே, சீப்புகளுக்குப் பக்கத்தில், கறுப்பாக, கனமாக, ஒரு மகாராஜா மாதிரி இருந்தது. வீட்டுக்கும் கடைக்கும் நடுவே ஒரு கதவுதான். மணி அடிக்கும், நான் கூப்பிடுவேன், அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். "நல்லா இருக்கேன் சிஸ்டர்." இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

மூன்றாவது அழைப்பு. நாற்காலியில் தபால்காரர், பாதி முகம் மழித்தாயிற்று, பாதி முகம் நுரை. பெஞ்சில் கழுத்தில் துணி கட்டிக் காத்திருக்கும் வாத்தியார். பத்திரிகை படிக்கும் இரண்டு பேர். நான் தபால்காரரின் மீசையைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் ஏதோ கேட்டார். இவள், "நல்லா இருக்கேன்" என்றாள். அடுத்த கேள்விக்கும் அதே பதில். பிறகு என்னைப் பார்த்துப் போனை நீட்டினாள்.

சிஸ்டர் கேட்டார்: "அண்ணே, நான் கேள்வி கேட்டா அங்க கத்தரிக்கோல் சத்தம் நின்னு போவுது. அவங்க பதில் சொன்னதும் மறுபடி கேக்குது. அங்க எத்தனை பேரு இருக்கீங்க?"

சபையோரே! இரண்டு பேருந்துக்கு அப்பால் இருந்த அந்தக் காதுக்குக் கேட்டது, பக்கத்தில் நின்ற இந்தக் காதுக்குக் கேட்கவில்லை! நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். அதில் என் மனைவி, அவளைச் சுற்றி ஐந்து ஆண் முகங்கள். ஐந்தில் ஒன்று என்னுடையது. தழும்பைப் பற்றி, மார்பைப் பற்றி எந்தப் பெண் இந்தக் கண்ணாடிக்கு முன்னால் வாய் திறப்பாள்? சொல்லுங்கள்!

"எல்லாரையும் கூட்டிட்டு வெளிய போங்க அண்ணே. நீங்களும்தான்."

போனோம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நடுரோட்டில் ஐந்து ஆம்பிளைகள் நின்றோம். நல்ல வெயில். தபால்காரர் கன்னத்தில் நுரை காய்ந்து உதிர்ந்தது. தெருவில் போன ஒருவர் கேட்டார்: "என்னய்யா, கடையில தீயா?"

தபால்காரர் சொன்னார்: "இல்ல, தங்கச்சி போன் பேசுது. சத்தம் போடாம போங்க."

சிரிக்கிறீர்கள். நாங்களும் அன்று கொஞ்ச நேரம் சிரித்தோம். பத்து நிமிடம் ஆயிற்று, இருபது ஆயிற்று. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

ஷட்டரைத் தூக்கிக்கொண்டு அவளே வந்தாள். "நாளைக்கு ஆஸ்பத்திரி போவணும். தழும்புக்குப் பக்கத்துல பட்டாணி மாதிரி ஒண்ணு தட்டுப்படுது. ரெண்டு மாசமா இருக்கு."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"நீங்கதான் எல்லாரு கிட்டயும் சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டு இருந்தீங்களே. கதவுக்கு அந்தப் பக்கம் தினம் கேட்டுட்டேதான் இருந்தேன். எப்படிங்க சொல்லுவேன்?"

ஐயா, அம்மா, அவள் வாயை அடைத்தது நோயா? இல்லை! வெட்கம் மட்டுமா? அதுவும் இல்லை! என் சந்தோஷம் அடைத்தது!

மறுநாள் காலையில் சிஸ்டர் ஆஸ்பத்திரி வாசலிலேயே கோப்போடு நின்றார். திரும்பி வந்த நோய்தான், ஆனால் சின்னது. இன்னொரு முறை அறுவை, இன்னொரு முறை மருந்து. "நல்லவேளை, இப்பவே வந்தீங்க" என்றார் டாக்டர். அந்த நல்லவேளைக்குச் சொந்தக்காரர் இந்த மேடையில் ஒன்றும் தெரியாதவர் போல் உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள்!

அதற்குப் பிறகு நான் யாரையும் வெளியே போகச் சொன்னதில்லை. முறை நாளில் போன் அடித்தால் அவர்களே எழுந்துவிடுவார்கள். துணியோடு, நுரையோடு, விரித்த பத்திரிகையோடு போவார்கள். வாத்தியார் அந்தச் செவ்வாய்க்கிழமைகளைத் தன் நோட்டில் குறித்தே வைத்திருந்தார். இன்று தபால்காரர் இல்லை. வாத்தியார் மகனோடு தூர ஊர் போய்விட்டார். கறுப்புப் போன் ஊமையாகி எத்தனையோ வருடம் ஆகிறது. இருந்தாலும் தினமும் துடைத்து அதே இடத்தில் வைக்கிறேன். அந்த வெயிலும், அந்த நுரையும், அந்த நாலு நல்ல மனிதர்களும் இனி எப்போது கிடைப்பார்கள்?

இப்போது அவளுக்குச் சொந்தமாகக் கைபேசி இருக்கிறது, அழைப்பும் வருடத்துக்கு ஒருமுறைதான். ஆனாலும் அது அடித்தால் கத்தரியை வைத்துவிட்டு நான் தெருவில் போய் நிற்கிறேன். புதுப் பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்!

நாளை முதல் சிஸ்டரின் நாற்காலியில் அமரப்போகும் இளைய சிஸ்டரே, கேள்விப் பட்டியல் உங்களிடம் இருக்கும். கத்தரிக்கோல் நிற்கும் சத்தத்தையும் கேளுங்கள், அம்மா!

என் இனிய ஆண்மக்களே! காவல் நிற்பதாக நினைத்துக் காது கொடுத்து நிற்கிறோம். உங்கள் வீட்டிலும் அந்த மணி அடிக்கலாம். அடித்தால் எழுந்திருங்கள்! விலகி நில்லுங்கள்! வெயிலில் நில்லுங்கள்! வெந்துபோக மாட்டோம்!

மணி பதினொன்று. இன்று செவ்வாய்க்கிழமை, இன்று என் மனைவியின் முறை. அதோ முதல் வரிசையில் இருக்கிறாள். அவளைப் போல் சிஸ்டரின் குரலால் நடமாடும் தாய்மார்கள் இந்த மண்டபம் முழுக்க இருக்கிறீர்கள். அவர் பணியில் இருக்கும் கடைசி நாளில் கேட்க வேண்டியது உங்களுக்கு நிறைய இருக்கும். செவிமடுத்த சபைக்கு நன்றி. சிஸ்டருக்கு, சாகும்வரை நன்றி. அனைவருக்கும் வணக்கம்.

தம்பி, மைக்கை அணைத்துவிடு. ஆண்களெல்லாம் என்னோடு வாருங்கள். வெளியே நிற்போம்.