சாதாரணக் காயம்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். விருதுநகர் கோர்ட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகும், எங்கள் வக்கீல் முத்துராமலிங்கம் ஐயா மனுவின் முதல் நகலை என் கையால் எழுதித்தான் பார்ப்பார். அதனால்தான், இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கேட்டு ஏட்டையா எழுத வேண்டாம், நானே எழுதித் தருகிறேன் என்று தாள் கேட்டேன். தன் எழுத்தைக் குறை சொல்வதாக ஏட்டையா நினைத்துவிடக் கூடாது.

பெயர் ஜெயச்சந்திரன். வயது ஐம்பத்திரண்டு. சொந்த ஊர் ஆமத்தூர். இருபத்து நாலு வருஷமாக வக்கீல் குமாஸ்தா. வாகன விபத்து நஷ்டஈட்டு வழக்குகள்தான் எங்கள் ஆபீஸின் பிழைப்பு. பெரிய விபத்துகளைப் பெரிய வக்கீல்கள் கொண்டுபோய்விடுவார்கள். எங்களிடம் வருவதெல்லாம் மணிக்கட்டு, கணுக்கால், இரண்டு விரல், நாலு பல். ஒருவர் செத்துப்போனால் அவருக்காக ஊரே ரோட்டில் உட்காரும். விரல் மடங்காமல் போனவளுக்காக ஒரு ஈ காக்காய் வராது. அவர்களுக்காக நான் நின்றிருக்கிறேன். இதை முதலிலேயே பதிவு செய்துவிட விரும்புகிறேன்.

செல்வலட்சுமிக்கு ஊர் ஏழாயிரம்பண்ணைப் பக்கம். பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை. நாலு வருஷத்துக்கு முன்னால், ஆள் ஏற்றிக்கொண்டு போன வேன் வெம்பக்கோட்டை தாண்டி ஒரு திருப்பத்தில் கவிழ்ந்தது. அவளுக்கு வலது மணிக்கட்டில் எலும்பு விட்டுப்போய், இரண்டு விரல் மடங்கவில்லை. விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டோம். 'இந்த விரல்கள் மடங்கினால்தான் மனுதாரர் வீட்டில் அடுப்பு எரியும்' என்று அதில் ஒரு வரி எழுதியிருந்தேன். நீதிபதி அந்த வரியை எடுத்துப் படித்தார் ஐயா. நல்ல தொகையாகவே தீர்ப்பானது.

இன்சூரன்ஸ் கம்பெனி மதுரை ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போனது. அதற்காகக் கோர்ட்டில் கட்டிய பணத்தில் ஒரு பகுதி அவள் கைக்கு வந்தது. இரண்டு வருஷம் கழித்து உத்தரவு வந்தது. காயம் சாதாரணமானது, ஊனத்தைக் கூட்டிச் சொன்னதாகத் தெரிகிறது, மருத்துவக் குழு மறுபடி பார்த்துச் சான்று தரட்டும், அதை வைத்து விருதுநகரிலேயே தொகையைப் புதிதாக முடிவு செய்யட்டும் என்று இருந்தது. தப்பான உத்தரவு என்று சொல்ல மாட்டேன். கடைசிப் பக்கத்தில், மனுவில் உள்ள வர்ணனைகள் காயத்தின் தன்மையை மாற்றிவிடாது என்று ஒரு வரி இருந்தது. அதை நான் நாலைந்து தடவை படித்தேன்.

வக்கீல் ஐயா கோர்ட் வாசல் டீக்கடையில் வைத்துச் சிரித்தார். "ஏலே ஜெயச்சந்திரா, ஒன் எழுத்து இங்கனதான் ஓடும்போல. மதுரையில எடுபடலையேலே. அப்பீல்ல அடிபடுறது இதோட பதினோராவது." கூட நின்ற குமாஸ்தாக்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தது நான்தான்.

அந்த வாரம் செல்வலட்சுமி கையெழுத்துப் போட வந்தாள். பேனாவைப் பிடித்த விரல்களைப் பார்த்தேன். சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவித்தான் வந்திருக்கிறாள். ஆனாலும் நகக்கண்ணில் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னியது. மருந்து அடைக்கிறவர்களுக்கு அது அவ்வளவு சுலபத்தில் போகாது.

"வேலைக்குப் போறியா தாயி?"

"ஆமா அண்ணாச்சி, மூணு மாசமாப் போறேன். சீசன்லா. வெரலு நல்லா மடங்குது, பாக்கீகளா?" என்று மடக்கி விரித்துக் காட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு.

சொந்தக்காரன் யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பான். எனக்குச் சந்தோஷமாக இல்லை. பன்னிரண்டாவது என்றுதான் தோன்றியது.

வேலையை விடச் சொன்னேன். இந்தக் கையோடு டாக்டர்கள் முன்னால் நின்றால், ஏற்கெனவே வாங்கிக் கூரை போட்ட பணத்தையும் திருப்பிக் கேட்பார்கள் என்றேன். கேட்டிருப்பார்களா என்றால், அநேகமாக மாட்டார்கள். பயந்தால்தான் சொன்னபடி கேட்பாள் என்பதற்காகச் சொன்னேன். அவள் நின்ற நிலையிலேயே வெளிறிப்போனாள்.

என் அப்பா பலவேசம் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர். சிறு வயதில் அவருக்குத் தப்பை சீவிக் கொடுத்திருக்கிறேன். முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பற்றுப் போட்டு, சுற்றிலும் ஆறு மூங்கில் தப்பை வைத்துத் துணியால் கட்ட வேண்டும். காயக் காய இறுகும். நன்றாக இருக்கிற கையை அப்படிக் கட்டி வைத்தால், இருபது நாளில் விரல் விறைத்துக்கொள்ளும். பிறகு எண்ணெய் போட்டு நீவினால் சரியாகிவிடும். அப்படித்தான் திட்டம். நான் எழுதியதை அவள் கை கொஞ்ச நாளைக்கு மெய்யாக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் போய்க் கட்டை அவிழ்த்து, பார்த்து, மறுபடி கட்டுவேன். பெட்ரோல் என் காசு. அவளிடம் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. அவள் புருஷன் சங்கிலிமுத்துதான் உங்களிடம் புகார் கொடுத்தவர். அவரைக் கேட்டால் இதையும் சொல்வார். போகும்போதெல்லாம் எனக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்கி வைத்திருப்பார்கள். மூன்றாவது வாரம் விரல்கள் நான் நினைத்தபடியே விறைத்திருந்தன.

அப்போது மருத்துவக் குழுவின் தேதி பத்து நாள் தள்ளிப்போனது. அதற்கு நான் பொறுப்பில்லை.

தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. கம்பெனியில் ஆர்டர் மலைபோல் கிடந்தது. அவள் எனக்குச் சொல்லாமல் கட்டை அவிழ்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். வியாழக்கிழமை பரிசோதனை. அதற்கு முந்தின திங்கட்கிழமை காலையில் நான் போனபோது, வாசலில் உட்கார்ந்து அந்தக் கையால் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் மறுபடி வெள்ளி.

"கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி. கை சும்மா இருந்தா கிறுக்குப் புடிக்கு. பணம் வராட்டிப் போகுது, எனக்கு வேலையே போதும்" என்றாள்.

அங்கேயே நான் திரும்பியிருக்கலாம். அவளுக்கு அந்த வழக்கு வேண்டாம். வேண்டியவன் நான் ஒருவன்தான். இதை இன்றைக்கு எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

கையை நீட்டச் சொன்னேன். வாங்கின பணத்துக்குக் கேஸ் வரும் என்று மறுபடி சொன்னேன். நீட்டினாள். இருபது நாளில் ஆகிற காரியம் மூன்று நாளில் ஆக வேண்டுமே. அதனால் முழங்கால் கொடுத்து இழுத்துக் கட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். முடிச்சை அவளால் அவிழ்க்க முடியாதபடி போட்டேன்.

செவ்வாய்க்கிழமை சங்கிலிமுத்து போன் செய்தார். "அண்ணாச்சி, கை தீயா எரியுதுன்னு அழுவுதா. அவுத்துறட்டுமா?" கோர்ட் உத்தரவில் இருக்கிற கை, தொட்டால் வம்பு என்றேன். படித்தவன் சொன்னால் கேட்கிற மனிதர்.

புதன்கிழமை மத்தியானம் போனேன். அவள் அழவில்லை. இப்போது வலியே இல்லை அண்ணாச்சி என்றாள். சங்கிலிமுத்துவுக்கு அதில் நிம்மதி. வலி நிற்பதுதான் கெட்ட அடையாளம் என்று எனக்குத் தெரியும். விரல்கள் கறுத்துச் சில்லிட்டிருந்தன. என் அப்பா ஒரு சோதனை வைத்திருந்தார். நகத்தை அழுத்திவிட்டு மூன்று எண்ணுவார். அதற்குள் நகத்தில் ரத்தம் திரும்பவில்லை என்றால், யார் கட்டாக இருந்தாலும் அரிவாளை எடுத்து அறுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்.

நான் அழுத்தினேன். முப்பது வரை எண்ணினேன்.

அரிவாள்மனை இரண்டடி தூரத்தில்தான் கிடந்தது. அதைப் பார்த்தேன். உத்தரவின் கடைசிப் பக்கத்தில் இருந்த வரியும் ஞாபகம் வந்தது. இனி இதை யாரும் சாதாரணக் காயம் என்று எழுத முடியாது என்று நினைத்தேன். நெஞ்சு படபடக்கவில்லை. மனு எழுதி முடித்த மாதிரி ஒரு திருப்தி இருந்தது. "நாளைக்குத்தான டாக்டர் போர்டு. ஒரு ராத்திரி பொறுத்துக்கோ தாயி" என்று சொல்லிவிட்டு, ஊற்றி வைத்திருந்த கலரையும் குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் டாக்டர்கள் கட்டை அறுத்துப் பார்த்துவிட்டுச் சான்று எழுதவில்லை. ஸ்ட்ரெச்சரைக் கூப்பிட்டார்கள். அன்று சாயங்காலமே முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆக, ஐயா, நாட்டுக் கட்டால் வந்த தவறு என்று யாரும் எழுத வேண்டாம். தவறு நடக்கவில்லை. கட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்து கட்டினேன். புதன்கிழமை அவிழ்த்திருந்தால் ஒருவேளை கை பிழைத்திருக்கும் என்று தெரிந்தும் அவிழ்க்காமல் வந்தேன். அந்தக் கையை எடுத்தது நான்தான். வக்கீல் ஐயாவுக்கு எதுவும் தெரியாது.

எனக்குக் கொடுத்த தாளில் நாலு மிச்சமிருந்தது. வீணாக்கவில்லை. செல்வலட்சுமிக்காகப் புது மனு ஒன்று எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒரு வரிகூட மிகை இல்லை. மதுரையில் என்ன, டெல்லிக்கே போனாலும் இதில் ஒரு எழுத்தைக் குறைக்க முடியாது. அவள் இடது கைப் பெருவிரலை மட்டும் வைத்தால் போதும். எதிர்மனுதாரர் என்ற இடத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரையே எழுதியிருக்கிறேன். ரொம்ப நேரம் யோசித்தும் எனக்கு வேறு யார் பெயரும் தோன்றவில்லை.