கிழித்த கீழ்ப்பாதி

– இன்னும் ஒரு தடவை 'உங்க சிரமம் புரியுது'ன்னு சொன்னே, இந்த போனைத் தூக்கிச் சுவத்துல அடிச்சிருவேன். புரியுதா?

– போன் உங்களோடது சார். அடிச்சா மறுபடி வரிசையில கடைசியில போய் நிக்கணும். அட்டை நம்பரோட கடைசி நாலு சொல்லுங்க.

– அந்த மெஷின்கிட்ட மூணு தடவை சொல்லியாச்சு.

– மெஷின் எங்கிட்ட சொல்லலை சார்.

– ஏழு, ஏழு, சைபர், ரெண்டு. கிரிசாந்தோ மகலின்டோங். அட்டை என் பேர்ல, வைத்தியம் என் மனைவிக்கு. மரிவிக். கேன்சர் மருந்து ஏத்தணும், இன்னைக்குத்தான் முதல் தடவை. மருந்து ஏத்துற நாற்காலி பத்து மணிக்குக் குடுத்திருந்தாங்க, இப்ப மணி பதினொண்ணரை ஆயிருச்சு. உங்க காப்பீட்டு ஆபீஸ்ல இருந்து அனுமதிக் கடிதம் வரலைன்னு இந்தக் கவுண்டர்க்காரி உள்ள விடமாட்டேங்குறா. பன்னெண்டு ஆனா நாற்காலியைத் தூக்கி அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாளாம். புரியுதா?

– சார், கவுண்டர்க்காரிக்குக் காது நல்லாவே கேக்கும். கொஞ்சம் தள்ளி நின்னு கத்துங்க. பின்னாடி இருக்கிறவங்க எல்லாம் நோயாளிங்க.

– பாத்தியா? உன்னால இவகிட்டயும் பேச்சு வாங்கவேண்டியிருக்கு. உன் பேரென்ன?

– கிரேஸ், சார்.

– எல்லாரும் கிரேஸ், எல்லாரும் ஷெய்லா. நிஜப் பேர் வச்ச ஒருத்தியாவது அந்த மாடியில இருக்காளா?

– இருக்கோம் சார். சார், நீங்க நிக்கிற எடத்துல ஒரே இரைச்சல். பேர்ல ஒரு எழுத்து மாறினாலும் கடிதம் திரும்பிடும். படிக்கட்டுப் பக்கமா போக முடியுமா?

– மரிவிக், நீ சக்கர நாற்காலியிலயே இரு, எங்கயும் நகராத. ரெண்டு நிமிஷம்... ம், வந்துட்டேன். கதவைச் சாத்திட்டேன். சொல்லு.

– டாக்டர் பேர்?

– கியாம்பாவ்.

– எத்தனை தடவை மருந்துன்னு எழுதியிருக்கார்?

– எட்டு. மூணு வாரத்துக்கு ஒண்ணு.

– நன்றி சார். பதிவு பண்றேன், லைன்லயே இருங்க... இப்ப நல்லாக் கேக்குது. எங்க லைன் கிடைக்க ரொம்ப நேரம் ஆச்சா?

– ரெண்டு நிமிஷம்.

– இன்னைக்குத் திங்கக்கிழமை. மத்தவங்க நாப்பது நிமிஷமா பாட்டுக் கேட்டுக்கிட்டு இருக்காங்க சார்.

– மத்தவங்களுக்கு விவரம் தெரியாது. பாட்டு ஓடும்போது யாரும் கேக்கலைன்னு நெனச்சுக்கிட்டு சாதுவா உக்காந்திருப்பான். அந்த மெஷின் முதல் மணியில இருந்தே கேட்டுக்கிட்டு இருக்கும். கத்தினா, திட்டினா, வரிசையில இருந்து தூக்கி முன்னாடி போட்டுரும். நான் எடுத்த எடுப்புலயே கத்தினேன்.

– அப்ப கோவத்துல கத்தலை.

– கோவமும் இருக்கு. ஆனா எங்க கத்தணும்னு எனக்குத் தெரியும். நான் யார்னு உனக்குத் தெரியாது. உன் முன்னாடி ஓடிக்கிட்டு இருக்கே, கூப்பிடுறவனோட குரலைப் பாத்து யாருக்கு அனுப்பணும்னு பிரிச்சு அனுப்புறது, அது நான் கண்டுபிடிச்சது. காப்புரிமைப் பத்திரத்துல என் பேர் இருக்கு. உன் மேலாளர்கிட்ட சொல்லு, கடிதம் தானா பறந்து வரும்.

– அப்படியா சார். எங்களுக்கு அது எப்படி வேலை செய்யுதுன்னு யாரும் சொன்னதில்ல. கத்துறவங்களை யாருக்கு அனுப்பும்?

– அது பெரிய விஷயமில்ல. ஒவ்வொரு பொண்ணும் எவ்வளவு தாங்குறான்னு கணக்கு வச்சிருக்கும். யாரு குரல் உயர்த்தாம, அழாம, லைனைத் துண்டிக்காம தாங்குறாளோ, அவளுக்கு.

– அப்ப என் கணக்குதான் இந்த மாடியிலேயே அதிகமோ என்னவோ.

– அதிகமாத்தான் இருக்கும். நல்ல விஷயம்தானே. கடிதம் என்ன ஆச்சு?

– அப்புறம் மூணு சாது எப்ப வரும்?

– என்னது?

– கத்துறவன் ஒருத்தன் போனா, அடுத்து மூணு பேர் சாதுவா வரணும். மூச்சு விட. அப்படித்தானே சார் எழுதியிருந்துச்சு?

– யார் நீ?

– லைன்லதான் இருக்கேன் சார்.

– அது எந்தப் பத்திரத்துலயும் கெடையாது. யார் உனக்குச் சொன்னது?

– பத்திரத்துல எப்படி இருக்கும், குயா? கிழிச்சிட்டீங்களே.

– ...குயாவா?

– அண்ணன்னு நெனச்சு அப்படித்தான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். ஓர்த்திகாஸ் கால் சென்டர்ல, பதினாறாவது மாடியில, நீங்க எங்க வரிசைத் தலைவரா இருந்தப்ப. நீங்க என்னை வேற மாதிரி கூப்பிடுவீங்க.

– ஸ்பான்ச்.

– ஞாபகம் இருக்கு. 'எல்லாத்தையும் உறிஞ்சிக்கிறா பாரு, எங்க ஸ்பான்ச்.' வரிசையே சிரிக்கும். நானும் சிரிச்சேன்.

– நீ சவூதிக்குப் போயிட்டேன்னு சொன்னாங்க.

– போனேன். திரும்பி வந்துட்டேன்.

– இந்தா பாரு, பழைய கதையெல்லாம் அப்புறம் உக்காந்து பேசலாம். நானே காபி வாங்கித் தர்றேன். மணி பதினொண்ணு நாப்பது. என் மனைவி கீழ சக்கர நாற்காலியில உக்காந்திருக்கா. தலையில துணி கட்டிக்கிட்டு வந்திருக்கா, முடி இன்னும் கொட்டவே ஆரம்பிக்கலை, அதுக்குள்ள கட்டிப் பழகணுமாம். அவளுக்காகவாவது.

– அவங்களைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே. நாம நீங்க கிழிச்ச அந்தத் தாளைப் பத்திப் பேசுவோம். மேல்பாதியில என்ன இருந்துச்சு?

– மேலாளரைக் கூப்பிடு.

– மாத்தி விடுறேன். ஆனா மாத்தி விட்டா வரிசையில கடைசி. நாப்பது நிமிஷம். பன்னெண்டு தாண்டிரும். கத்திப் பாக்கலாம்னா, கத்துனா அழைப்பு மறுபடி எங்கிட்டதான் வந்து விழும்னு உங்களுக்கே தெரியும்.

– நீ பண்றது குத்தம். இந்த அழைப்பு பதிவாகுது.

– ஆமா சார். ஆரம்பத்துலயே குரல் சொல்லியிருக்குமே, தரம் உயர்த்துறதுக்காகப் பதிவு செய்யப்படுதுன்னு. மேல்பாதியில என்ன இருந்துச்சு?

– ...யாரு கத்துறா, யாரு அழுறா, யாரு அவசரம். குரலை வச்சுப் பிரிக்கிறது. யாருக்கு அனுப்புறதுன்னு அம்புக்குறி போட்டுப் படம்.

– யாரு போட்ட படம்?

– எல்லாரும் சேர்ந்துதான்...

– குயா.

– நீ போட்டது.

– எதுல?

– சாப்பாட்டு அறையில, சுவத்துல ஒட்டியிருந்த தாள்ல. பான்டெசால் ரொட்டியைக் கடிச்சுக்கிட்டே போட்டே. எண்ணெய்க் கறை இருந்துச்சு.

– கீழ்ப்பாதியில மூணு சாது. அதை ஏன் கிழிச்சீங்க?

– மேலிடத்துல ஒத்துக்கலை. ஒரு பொண்ணு கத்துறவனை முடிச்சிட்டு லேசான அழைப்பா எடுத்துக்கிட்டு இருந்தா அது நஷ்டம்னாங்க. தாங்குறவ தாங்கட்டும்னாங்க.

– 'னாங்க' யாரு?

– நானும்தான்.

– உங்க மெஷினை ஓட்டுன முதல் நாள் எனக்கு எத்தனை கத்தல் வந்துச்சு தெரியுமா? அம்பத்தெட்டு. பக்கத்துல ஜோவலினுக்கு நாப்பத்தொண்ணு. மத்த பொண்ணுங்க பில் தேதியும் விலாசமும் சொல்லிக்கிட்டு நகத்துக்குச் சாயம் பூசிக்கிட்டு இருந்தாங்க. தாங்கத் தாங்கக் கணக்கு ஏறும், கணக்கு ஏற ஏற இன்னும் கத்தல் வரும். ரெண்டு மாசத்துல ஜோவலின் கழிப்பறையில போய் உக்காந்தவ எழுந்திரிக்க மாட்டேன்னுட்டா. கதவை ஒடச்சுத் தூக்கிட்டு வந்தோம். நீங்க அவ ஹெட்செட்டை எடுத்து எங்கிட்ட குடுத்துட்டு, 'அவ பங்கையும் நீ பாத்துக்கோ, ஸ்பான்ச்'னு சொன்னீங்க.

– எனக்கு அது ஞாபகம் இல்ல.

– இருக்காது. எம் பொண்ணு அப்ப பத்து மாசக் குழந்தை. ஒரு நாள் பசிச்சு அழுறா. நான் பக்கத்துல உக்காந்து, அவகிட்டயே 'உங்க சிரமம் புரியுது, மன்னிக்கணும், லைன்லயே இருங்க'ன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். எவ்வளவு நேரம் சொன்னேன்னு தெரியாது. பக்கத்து வீட்டுக்காரி வந்து குழந்தையைத் தூக்கிட்டுப் போனா. அன்னைக்குத்தான் வேலையை விட்டேன்.

– மன்னிச்சிரு.

– அந்த வார்த்தையை நான் ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்றேன் குயா. அதுல ஒண்ணும் இல்ல. பதிவுக்குச் சொல்லுங்க, அது யாரோட வேலை?

– உன்னோடது. ஆனா முழுசும் இல்ல. கத்தி அடங்குனவன் மறுபடி எப்பக் கூப்பிட்டாலும் அதே பொண்ணுகிட்டதான் போகணும்னு சேர்த்தது நான். அது உன் தாள்ல இல்ல. அது என் சொந்தப் புத்தி.

– சரி. அது உங்களோடதுதான். அதுல நான் பங்கு கேக்கலை. மிச்சம்?

– மிச்சம் உன்னோடது. போதுமா? மணி ஆகுது.

– 'உன்னோடது'ன்னா யாரோடது? பேரைச் சொல்லுங்க.

– ரோசா... ரொசெந்தா.

– ரொசெந்தா?

– ரொசெந்தா... ரெயஸ்?

– மூணு வருஷம் உங்க வரிசையில உக்காந்திருந்தேன்.

– லாப்பு... ல-ன்னு ஆரம்பிக்கும். இரு, வாய்க்கு வந்துருச்சு. சத்தியமா ஞாபகம் இருக்கு. நீயே சொல்லிடேன், கையெடுத்துக் கும்புடுறேன். பன்னெண்டுக்குப் பத்து நிமிஷம்தான் இருக்கு.

– தாள்ல கையெழுத்துப் போட்டிருந்தேனே.

– நான் பாக்கலை.

– எப்படிப் பாப்பீங்க? கீழ்ப்பாதியில இருந்துச்சு. லக்சமானா. ரொசெந்தா லக்சமானா. சொல்லுங்க.

– ரொசெந்தா லக்சமானா. அந்தத் தாள் ரொசெந்தா லக்சமானாவோடது. நான் எடுத்துக்கிட்டேன். என் பேரைப் போட்டுக்கிட்டேன். கீழ்ப்பாதியைக் கிழிச்சது நான்தான். போதுமா? இப்பவாவது அனுப்பும்மா. உன் கால்ல விழறேன்.

– குரல் நல்லா அடங்கியிருச்சு சார். 'அடங்கிட்டார்'னு திரையில பச்சை விளக்கு வந்துருச்சு.

– சார், இங்கயா உக்காந்திருக்கீங்க? கவுண்டர்ல இருந்து ஒவ்வொரு மாடியா தேடிட்டு வர்றேன்.

– மேடம், ஒரு நிமிஷம், கவுண்டருக்கு நானே வர்றேன். கடிதம் இதோ வந்துரும், நாற்காலியை மட்டும் யாருக்கும் குடுத்துராதீங்க...

– எந்தக் கடிதம்? நீங்க கதவைச் சாத்திட்டுப் போன கையோட பிரிண்டர்ல வந்து விழுந்துச்சு. உங்க வீட்டம்மாவை அப்பவே மேல கூட்டிட்டுப் போய் ஊசியும் குத்தியாச்சு. நரம்பு கிடைக்காம மூணு எடத்துல குத்தினாங்க. பாவம், உங்களையே கேட்டுக்கிட்டு இருந்தாங்க. யாராவது கையைப் பிடிச்சுக்கணும்னாங்க, கவுண்டரை விட்டுட்டு நான் போய்ப் பிடிச்சுக்கிட்டேன். பேசி முடிச்சிட்டு வாங்க, அஞ்சாவது மாடி.

– ...ரொசெந்தா.

– லைன்லதான் இருக்கேன் சார்.

– அப்பவே அனுப்பிட்டியா?

– டாக்டர் பேர் சொன்னீங்களே, அப்பவே. அந்த அம்மா எனக்கு என்ன பண்ணாங்க, அவங்களை நிறுத்தி வைக்க?

– முதல் ஊசி. நான் பக்கத்துல இருக்கேன்னு சொல்லித்தான் அவளைக் கூட்டிட்டு வந்தேன்.

– தெரியும் சார். அதுக்குத்தான் படிக்கட்டுக்கு அனுப்பினேன்.

– நீ இந்த வேலைக்கு எப்ப வந்தே?

– நாலு வருஷம் ஆச்சு. உங்க கம்பெனி ஆளுங்களுக்குக் காப்பீடு இங்கதான்னு கேள்விப்பட்டு வந்தேன். நாலு வருஷமா வர்ற கத்தலை எல்லாம் வாங்கினேன், ஒண்ணாவது உங்களோடதா இருக்கும்னு.

– கேட்டதை எல்லாம் சொல்லிட்டேன். பதிவும் ஆயிருச்சு. கீழ்ப்பாதியை நாளைக்கே திரும்பச் சேர்க்கச் சொல்றேன். இத்தோட விட்டுரு.

– எட்டு மருந்துக்கும் எட்டு கடிதம் வேணும், இன்னும் ஏழு பாக்கி. அடுத்த தடவை கத்தி முந்த வேண்டாம் சார், மெதுவாவே பேசுங்க. நீங்க சொந்தப் புத்தியில சேர்த்தது ஒண்ணு இருக்கே, அது எப்படியும் உங்களை எங்கிட்டதான் கொண்டுவந்து விடும்.