மச்சான் பிடித்த கயிறு

உப்பளத்து மூட்டை மாதிரி ஒருத்தன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் எனக்குச் சோறு இறங்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. மற்றபடி நான் நல்லவன்தான். பூசைக்குப் பிந்திப் போய் முந்தி வருவேன், அவ்வளவுதான் என் பாவம்.

இஞ்ஞாசி என் தங்கை ஹில்டாவின் புருஷன். கடலில் முங்கிச் சங்கு குளிக்கிறவன். எழுபத்தொன்றாம் வருஷம் காதுக்குள் யாரோ பேசுவதாகச் சொல்லித் தெருவில் ஓடினான். ஆஸ்பத்திரி மாத்திரையில் குரல்கள் போயின, கூடவே ஆளும் போய்விட்டான். சிரிப்பில்லை, பேச்சில்லை, பசிக்கிறது என்றுகூடச் சொல்லமாட்டான். ஹில்டா ஏற்றிய மெழுகுவர்த்திப் புகையில் மாதாவின் மூக்கு கறுத்ததுதான் மிச்சம்.

நாசரேத்துக்காரர் டாக்டர் கிருபாநிதி புதிதாக ஒரு பயிற்சி சொன்னார். சந்தோஷத்தையும் பழக்கலாமாம். ஒரு மக்ரூன் இனிப்பை நாக்கில் வைத்து, கரையும்வரை அந்த ருசியிலேயே இருக்க வேண்டுமாம். "நல்லது எது வந்தாலும் அவசரப்படாதீங்க. அதுலயே கொஞ்சம் இருங்க," என்றார். எதையும் நாமாகச் செய்துகொடுக்கக் கூடாது, அவனாகக் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். நான் ஆறு மாதம் கூடவே உட்கார்ந்து பழக்கினேன். அவன் சுவரைப் பார்த்தான். நான் ஐந்து கிலோ ஏறினேன். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

கடலென்றால் அவனுக்கு உயிர். அதனால் போன செவ்வாய்க்கிழமை வள்ளத்தில் கூட்டிப்போனேன். "நீ கயிறு பிடிச்சா எனக்கு என்ன பயம்ணே," என்றாள் ஹில்டா. எங்கள் கரையில் குளிக்கிறவன் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான். கூடப்பிறந்தவளை விதவையாக்க எவனுக்கும் மனசு வராது என்ற நம்பிக்கை.

இடுப்பில் கயிற்றோடு, கனத்துக்குக் கட்டிய கல்லில் கால் வைத்துக் கடலுக்குள் இறங்கினான். மூச்சு முட்டினால் கயிற்றை இழுப்பான், உடனே தூக்க வேண்டும். நேரமாகிவிட்டால் இழுக்காவிட்டாலும் தூக்க வேண்டும். நேரமாகிவிட்டது. வள்ளக்காரன் பிச்சையா, "ஏலே விக்டர், தூக்குலே," என்றான்.

"அவனா கேக்கட்டும்லே," என்றேன்.

பிறகு கேட்டான். கயிறு என் கையில் அசைந்தது. மூன்று வருஷத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் விஷயம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஐயா. மறுபடி இழுத்தான், இன்னும் பலமாக. அத்தனை ஆசை அவனுக்குள் இருந்திருக்கிறது. பிச்சையா கயிற்றைப் பிடுங்க வந்தான். முழங்கையால் தள்ளிவிட்டேன்.

பயிற்சி பலித்துவிட்டது என்று ஹில்டாவிடம் சொல்லுங்கள். டாக்டர் சொன்னபடி நானும் அவசரப்படவில்லை. கயிறு அசைவது நிற்கும்வரை அந்தச் சந்தோஷத்திலேயே இருந்தேன்.